ஊசி மருந்து உடம்பில் தங்கிவிடுமா?



2021ஆம் ஆண்டு கொரோனாவுக்கு பைசர் ஊசி போட்ட நாட்களில், எமது தையல் வகுப்புக்கு வரும் ஓர் அக்கா என்னிடம் கேட்டா: “பிள்ளை, உந்த மருந்து உடம்புக்குள்ளேயே தங்கிவிடுமோ? நாளைக்கு என்ர மகளுக்கு ஒரு பிள்ளை தங்காமல் போனால் என்ன செய்யிறது?”

போரில் இரண்டு ஆண்பிள்ளைகளை இழந்தவ. மிஞ்சியிருப்பது அந்த மகள் மட்டுமே. சமூகவியல் படித்த எனக்கு, “பயப்படாதேங்கோ அக்கா” என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அது பதில் அல்ல என்பது அவவின் முகத்தில் தெரிந்தது. அதன் பின்னரே தேடி வாசித்தேன்.

எமது உடல் கலங்களால் ஆனது. கலத்தின் கருவினுள் பரம்பரையலகுகள் உள்ளன. எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்ற செய்தியை அங்கிருந்து வெளியே கொண்டு வருவது தூது ஆர்.என்.ஏ. அது மிக மெல்லிய இழை. அதனை அழிக்கும் நொதியங்களும் கலத்தில் உண்டு. ஆகவே கருவை விட்டு வெளியேறும் முன்னரே, அதன் நுனியில் அடினைன் என்ற அலகுகளைச் சுமார் 200 வரை வரிசையாகச் சேர்த்துக் கலம் ஒரு வாலை அமைக்கிறது. 1971இல் இந்த வாலைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் மேரி எட்மண்ட்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி.

சட்டை தைக்கும்போது ஓரத்தில் அரை அங்குலம் துணி விடுகிறோம் அல்லவா? நூல் பிரிந்தாலும் முதலில் பிரிவது அந்த ஓரம்தான், தையல் தப்பிவிடும். இந்த வாலும் அப்படித்தான். நொதியங்கள் முதலில் வாலையே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கின்றன. வால் போதிய அளவு இருக்கும்வரை செய்தி வாசிக்கப்படும். வால் குறுகியதும் செய்தியும் அழிக்கப்படும்.

பைசர் ஊசியில் இருப்பதும் ஒரு தூது ஆர்.என்.ஏ.தான். அதற்கும் ஏறத்தாழ 100 அடினைன் கொண்ட வால் உண்டு. அது கருவினுள் போவதில்லை, பரம்பரையலகை மாற்றுவதில்லை, பிள்ளை உண்டாவதைத் தடுப்பதும் இல்லை. கிருமியின் ஒரு புரதத்தை உடலுக்கு அடையாளம் காட்டிவிட்டு, வால் தேய்ந்து தானும் அழிந்துவிடும்.

அடுத்த வகுப்பில் ஒரு சட்டையின் உட்புறத்தைத் திருப்பிக் காட்டி இதைச் சொன்னேன். “அப்ப, வேலை முடிஞ்சால் போயிடும்” என்றா அக்கா. அந்தக் கிழமையே மகளையும் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டா.

சகோதரிகளே, மருந்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள். “பயப்படாதே” என்று மட்டும் யாராவது சொன்னால், இன்னொரு முறை கேளுங்கள்.