அச்சுக்கூடத்தைத் தேடி வந்தவர்கள்

யாழ்ப்பாணத்தில் பத்திரிகையின் வாயை அடைக்க நினைத்தவர்கள் எழுதுகிறவரை மட்டும் தேடி வரவில்லை. 1981இல் பொதுசன நூலகம் எரிந்த அதே நாட்களில் 'ஈழநாடு' அலுவலகமும் கொளுத்தப்பட்டது. 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படை போரில் இறங்கியபோது, முதலில் கைவைத்த இடங்களில் 'ஈழமுரசு', 'முரசொலி' அச்சுக்கூடங்களும் இருந்தன. புலிகளின் ஆட்சியிலும் எழுதக்கூடாதவை ஏராளம் இருந்தன. அதையும் சொல்லாமல் இந்த வரலாற்றைப் பேசுவது நேர்மையாகாது.

1985இல் தொடங்கிய 'உதயன்' இத்தனைக்கும் நடுவில் வெளிவந்த பத்திரிகை. 2006 மே மாதத் தொடக்கத்தில், உலக பத்திரிகைச் சுதந்திர தினத்துக்காக யுனெஸ்கோ கொழும்பில் மாநாடு நடத்திக்கொண்டிருந்தது. மே 2ஆம் திகதி இரவு துப்பாக்கிதாரிகள் கஸ்தூரியார் வீதி அலுவலகத்துக்குள் புகுந்து கண்டபடி சுட்டார்கள். கணினிகளையும் விட்டுவைக்கவில்லை. சுரேஷ்குமார், ரஞ்சித்குமார் என்ற இரு ஊழியர்கள் செத்து விழுந்தார்கள். ஒருவர் சந்தைப்படுத்தல் பிரிவைச் சேர்ந்தவர், மற்றவர் விநியோகப் பிரிவைச் சேர்ந்தவர். இருவரும் செய்தி எழுதியவர்கள் அல்லர். மறுநாளும் பத்திரிகை வந்தது. சுவரில் குண்டு துளைத்த ஓட்டைகளை அவர்கள் பூசி மறைக்கவில்லை.

அந்த ஓகஸ்ட்டில் ஏ-9 வீதி மூடப்பட்டது. குடாநாட்டுக்கு அரிசி, மருந்து வருவதே பெரும்பாடாகிவிட்டது. அச்சுத்தாளுக்கு எங்கே போவது? பக்கங்கள் சுருங்கின, பிரதிகளும் குறைந்தன. ஒரு தாளைப் பல வீடுகள் மாறி மாறிப் படித்தன. சனசமூக நிலைய மேசையில் கிடந்த பிரதி மாலைக்குள் மடிப்பில் கிழிந்துபோகும். அதே மாதத்தில் பத்திரிகை விநியோக வாகனத்தின் சாரதி சதாசிவம் பாஸ்கரன் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் இளம் நிருபர் செல்வராசா ரஜீவர்மன்.

ஆசிரியர் ம.வ. கானமயில்நாதன் பாதுகாப்புக்காக ஆண்டுக்கணக்கில் அலுவலகத்திலேயே தங்கினார். உறக்கமும் அங்கேதான். அவரது துணிச்சலை உலகம் பாராட்டியது, அதில் எள்ளளவும் மிகையில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போய்த்தான் ஆகவேண்டியவர்கள் வேறு சிலர். இருட்டோடு எழும்பி, சோதனைச்சாவடிகளைக் கடந்து, கட்டுகளைக் கடைகளில் இறக்குகிறவர்கள். அவர்கள் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் எந்த ஆசிரியத் தலையங்கமும் அச்சுக்கூடத்தைத் தாண்டாது. ஆயுததாரிகளுக்கு இது நன்றாகவே விளங்கியிருந்தது.

போர் 2009இல் முடிந்த பின்பும் அவர்கள் கணக்கு மாறவில்லை. 2013 ஏப்ரல் தொடக்கத்தில் அதிகாலை வேளையில் கிளிநொச்சி அலுவலகத்தில் விநியோகப் பணியாளர்கள் தாக்கப்பட்டார்கள். பத்து நாள் கழித்து யாழ்ப்பாணத்தில், அதுவும் விடியுமுன், பத்திரிகைக் கட்டுகள் புறப்படவிருந்த நேரத்தில் புகுந்தவர்கள் ஊழியர்களை விரட்டிவிட்டு அச்சு இயந்திரத்துக்கும் கட்டுகளுக்கும் தீ வைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பொதுநலவாய மாநாட்டுக்கு வந்த பிரித்தானியப் பிரதமர் டேவிட் கமரன், எரிந்த இயந்திரத்தை நேரில் வந்து பார்த்தார்.

உதயனின் உரிமையாளர் 2010இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். அந்தப் பத்திரிகையின் அரசியல் சாய்வு பற்றிய விமர்சனங்களில் நியாயம் உண்டு. அவற்றுக்கு இடம் வாசகர் கடிதங்களிலும் போட்டிப் பத்திரிகைகளிலும் இருக்கிறது. விநியோக வாகனத்தின் மீது சுடுபவன் எந்த விமர்சனத்தையும் முன்வைக்கவில்லை.

2000 ஒக்டோபரில், ஊரடங்கு வேளையில், தன் வீட்டு மேசையில் எழுதிக்கொண்டிருந்த ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜனைச் சுட்டவர்களும் சரி, கஸ்தூரியார் வீதிக்குள் புகுந்தவர்களும் சரி, எவரும் தண்டிக்கப்படவில்லை. கொல்லப்பட்ட ஊடகவியலாளர்களின் சர்வதேசப் பட்டியல்களில் சாரதிகளும் விநியோகஸ்தர்களும் பெரும்பாலும் 'ஊடகப் பணியாளர்கள்' என்று தனியே ஒதுக்கப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் பாஸ்கரனின் பெயரும் நிமலராஜனின் பெயரும் ஒரே பட்டியலில்தான் இருக்கவேண்டும். இருவரது வழக்குக் கோப்புகளையும் கொழும்பு மறுபடி திறக்கவேண்டும்.