நாடு கடத்தப்பட்ட தோழர் கிளாடியா

லண்டன் ஹைகேட் மயானத்தில், மார்க்ஸின் கல்லறைக்கு இடப்புறத்தில் ஒரு கறுப்பினப் பெண் துயில்கிறார். அவர்தான் தோழர் கிளாடியா ஜோன்ஸ். 1915ல் டிரினிடாட் தீவில் பிறந்தவர். பிழைப்புத் தேடி அமெரிக்கா போன குடும்பம் அது. தாயார் நியூயார்க்கில் தையல் தொழிலாளி. 37 வயதில், தைத்துக்கொண்டிருந்த மிஷின் முன்னாலேயே திடீரென்று மாண்டார். கிளாடியா 1936ல் கம்யூனிஸ்ட் வாலிபர் ஸ்தாபனத்தில் சேர்ந்தார்.

கறுப்பு மாதரின் பிரச்னைகளைப் புறக்கணிப்பது போதும் என்று 1949ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். யாரைப் பார்த்து? முதலாளிகளையா? இல்லை, தொழிற்சங்கங்களையும் சொந்தக் கட்சித் தோழர்களையும் பார்த்து! தொழிலாளி, கறுப்பர், பெண் என்று மும்மடங்காகச் சுரண்டப்படுகிறவள் கறுப்புப் பெண். அவளுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் வீட்டு வேலை. வேலைக்காரிகளைச் சங்கத்தின் மூலமாக அமர்த்த மறுத்து, அவர்களைச் சுரண்டுகிறவர்களில் சில கம்யூனிஸ்டுகளும் உண்டு என்று அவர் பகிரங்கமாக எழுதினார். எனக்குச் சுருக்கென்றது, தோழர்களே. கூட்டம் முடிந்து நடுநிசியில் வீடு திரும்பும் நமக்கு எழுந்து வந்து சோறு போடுகிறவளை எந்தச் சங்கத்தில் சேர்த்திருக்கிறோம்?

அமெரிக்க சர்க்கார் அவரை ஸ்மித் சட்டத்தில் சிறையில் தள்ளி, 1955 டிசம்பரில் நாடு கடத்தியது. பிறந்த டிரினிடாடின் காலனி ஆட்சியும் ஏற்க மறுத்தது. நோயாளியாக லண்டன் வந்து சேர்ந்தார்.

அங்கே கறுப்பருக்கு வாடகைக்கு அறை கிடைப்பதே அரிது. 1958ல் மேற்கிந்திய மக்களுக்காக 'வெஸ்ட் இந்தியன் கெஜட்' பத்திரிகையைத் தொடங்கினார். அதே ஆண்டு நாட்டிங் ஹில்லில் வெள்ளை வெறியர்கள் கறுப்பரைத் தாக்கினார்கள். 1959 ஜனவரியில் கிளாடியா ஒரு கலைவிழா நடத்தினார். அதன் மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, அந்தக் கலவரத்தில் அபராதம் விதிக்கப்பட்ட வாலிபர்களுக்கு ஒதுக்கப்பட்டது. கறுப்பருக்கு மட்டுமல்ல, வெள்ளையருக்கும்தான்! வர்க்க உணர்வு என்பது இதுதானே?

1962ல் பிரிட்டன் குடியேற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. வேலைச் சீட்டு இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். இந்தியருக்கும் அதே கதிதான். இந்தச் சட்டத்தை எதிர்த்துக் கிளாடியா பத்திரிகையிலும் மேடையிலும் போராடினார். 1964 டிசம்பரில் 49 வயதில் இறந்தார்.

அவர் யாருக்காகப் போராடினாரோ அந்தத் தலைமுறையினரும் அவர்கள் பிள்ளைகளும், சட்டப்படி குடியேறியிருந்தும், கையில் காகிதம் இல்லை என்று வேலை இழந்தார்கள், காவலில் அடைக்கப்பட்டார்கள், சிலர் நாடு கடத்தவும் பட்டார்கள். 2018ல் இது அம்பலமானதும் பிரிட்டிஷ் சர்க்கார் மன்னிப்புக் கேட்டது. நஷ்டஈடு கைக்கு வருமுன்பே கண்மூடியவர்களும் உண்டு.