ஓய்வூதியம் கொடையன்று, ஊதியமே

சென்ற திங்கள் ஒரு மாலைப்பொழுதில், நெமிலிச்சேரியில் எம் இல்லத்திற்கு அடுத்த தெருவில் வாழும் முதியவர் ஒருவர் கையில் ஒரு தாளுடன் எம்மிடம் வந்தார். நடுவணரசு அலுவலகமொன்றில் முப்பத்தைந்து ஆண்டுகள் கீழ்நிலைப் பணியாற்றி 2019-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவர். தமிழ்ச் செய்தித்தாளை ஒரு வரி விடாமல் படிக்கும் பழக்கமுடையவர். அவர் கொணர்ந்த தாளிலோ ஆங்கிலமும் இந்தியும் இருந்தன. தமிழ் ஓரெழுத்தும் இல்லை.

"தமிழையா, நான் எவரிடத்தும் கடன் பட்டவன் அல்லன். ஓய்வு பெற்ற நாள்முதல் திங்கள்தோறும் எட்டாயிரம் உருபா பிடிக்கிறார்கள். வங்கியில் கேட்டால் 'கம்யூட்டேசன்' என்கிறார்கள். அது யாருக்கு நான் பட்ட கடன்?" என்று கேட்டார்.

அவர் கடன் படவில்லை, விற்றிருக்கிறார். விற்றது இன்னதென்று அறியாமலே விற்றிருக்கிறார். அவருக்குரிய ஓய்வூதியம் இருபதாயிரம் உருபா. அதில் நூற்றுக்கு நாற்பது விழுக்காடு, அஃதாவது எண்ணாயிரம் உருபாவை அரசிடம் ஒப்படைத்து, அதற்கு ஈடாக ஒரு மொத்தத் தொகையை முன்னரே பெற்றுக்கொண்டார். நடுவணரசின் ஆறாம் ஊதியக்குழுவை ஒட்டி வந்த அட்டவணைப்படி, அறுபது அகவையில் ஓய்வு பெறுபவர்க்குரிய பெருக்கெண் 8.194. எண்ணாயிரத்தைப் பன்னிரண்டாலும் பின்னர் அவ்வெண்ணாலும் பெருக்கினால் 7,86,624 உருபா வரும். அத்தொகை வந்தபோது, பணி நிறைவுக்கு அரசு மகிழ்ந்தளித்த அன்பளிப்பென்று எண்ணி, மகள் திருமணத்தை முடித்துவிட்டார் பெரியவர். பதினைந்து ஆண்டுகளில் அவரிடமிருந்து பிடிக்கப்படும் தொகையோ 14,40,000 உருபா! எட்டு விழுக்காட்டு வட்டியை உள்ளடக்கியே அவ்வட்டவணை வகுக்கப்பட்டுள்ளது.

இவ்வாறு விற்பது தவறென்று யாம் சொல்ல வரவில்லை. மகளின் திருமணமோ தலைக்கு மேல் ஒரு கூரையோ வேண்டுமென்றால் விற்கத்தான் வேண்டும். மொத்தமாகப் பெற்றவர் இடையில் இறந்துபட்டால் எஞ்சிய தொகையை எவரிடத்தும் பிடிப்பதில்லை என்னும் காப்பும் இதிலுண்டு. அகவிலைப்படியும் குறைக்கப்பட்ட தொகைக்கன்றி முழு ஓய்வூதியத்திற்கே கணக்கிடப்படுகின்றது. ஆயின் விற்பவன் தான் விற்கின்றான் என்பதை அறிந்து கையொப்பமிட வேண்டாவா? அந்த ஒரு சொல் அவருக்குத் தமிழில் சொல்லப்பட்டிருந்தால் பாதியை மட்டும் விற்றிருப்பார். அன்றி முழுதும் விற்றிருந்தாலும் இத்தனை ஆண்டுகள் உள்ளுக்குள் வெந்திருக்க மாட்டார்.

நம் மாநில அரசு இதனைத் 'தொகுத்துப் பெறுதல்' என்று தமிழில் குறிக்கின்றது. இங்கே மூன்றிலொரு பங்கு வரை தொகுத்துப் பெறலாம். பதினைந்து ஆண்டுகள் கழித்து அப்பங்கு மீளும். 'தொகுத்துப் பெறுதல்' நல்ல தமிழ்தான். ஆனால் அதில் 'பெறுதல்' தெரிகின்றதே ஒழிய 'இழத்தல்' தெரியவில்லை. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்கு 'மாற்றிக்கொள்ளல்' என்பதே பொருள். 'ஓய்வூதியப் பங்கு மாற்று' என்றிருந்தால், எதைக் கொடுத்து எதைப் பெறுகின்றோம் என்று கேட்கவாவது தோன்றும்.

ஆவடியும் பட்டாபிராமும் நெமிலிச்சேரியும் திருநின்றவூரும் ஓய்வூதியர் நிறைந்த ஊர்கள். ஆவடிக் கனவூர்தித் தொழிற்சாலை, தொடர்வண்டித் துறை, மாநில அரசின் பள்ளிகள், அலுவலகங்கள் என்று எங்கெங்கோ உழைத்தவர்கள் மலிவாகக் கிடைத்த மனையில் வீடு கட்டிக் குடியேறிய தெருக்கள் இவை. இத்தெருக்களில் எத்தனை வீடுகளில் இத்தகைய தாள்கள் படிக்கப்படாமல் பெட்டிக்குள் உறங்குகின்றனவோ!

இனி, சொற்களுக்கு வருவோம். 'பென்சன்' என்னும் சொல்லின் இலத்தீன் வேர் 'நிறுத்துக் கொடுத்தல்' என்னும் பொருளது. ஐரோப்பாவில் அச்சொல் மன்னரும் பெருமக்களும் தமக்கு வேண்டியவர்க்கு அளித்த கொடையையும் குறித்தது. கொடுப்பவன் நினைத்தால் கொடுப்பான், நினைத்தால் நிறுத்துவான். இந்தியாவை ஆண்ட வெள்ளையரசும் அவ்வெண்ணத்தோடுதான் அதனை இங்குக் கொணர்ந்தது. விடுதலைக்குப் பின்னும் அவ்வெண்ணம் அலுவலகங்களை விட்டகலவில்லை. 1971-இல் தேவகிநந்தன் பிரசாத்து வழக்கில் உச்சநீதிமன்றம், ஓய்வூதியம் அரசின் விருப்பத்தைப் பொறுத்த கொடையன்று, பணியாளரின் உடைமை என்று தீர்ப்பளித்தது. 1982 திசம்பர் 17-ஆம் நாள் நகாரா வழக்கில் ஐவர் அமர்வு, அது கடந்தகாலப் பணிக்குரிய கொடுப்பு என்று இன்னும் விளக்கமாக நிறுவியது. அந்நாளையே ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடி வருகின்றனர்.

உச்சநீதிமன்றம் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதி நிலைநாட்டிய உண்மையைத் தமிழ் ஒரே சொல்லில் வைத்திருக்கின்றது. ஓய்வு + ஊதியம் = ஓய்வூதியம். ஊதியம் வள்ளுவர் எடுத்தாண்ட சொல். உழைத்தவன் பெறும் பயனைக் குறிப்பது. ஓய்ந்திருக்கும் காலத்தும் அவன் பெறுவது ஊதியமே. முன்னர் உழைத்தபோது கொடாமல் நிறுத்தி வைத்துப் பின்னர்க் கொடுக்கும் ஊதியம். இச்சொல்லை அறிந்த கைம்பெண் ஒருத்தி கருவூலத்தில் நின்று "என் கணவரின் ஊதியம்" என்று கேட்பாள். 'பென்சன்' என்று மட்டுமே அறிந்தவள் "ஏதாவது பார்த்துப் போட்டுக் கொடுங்கள் ஐயா" என்று கேட்பாள். இரண்டையும் யாம் காதாரக் கேட்டிருக்கின்றோம்.

'அகவிலைப்படி'யும் அத்தகைய அருமையான சொல். அஃகம் என்பது தவசம். அகவிலை என்பது தவச விலை. அரிசி விலை ஏறினால் படியும் ஏறவேண்டும் என்னும் அடுக்களைக் கணக்கு அச்சொல்லுக்குள்ளேயே இருக்கின்றது. 'ஈட்டிய விடுப்பு' என்பதும் செம்மையானதே. ஈட்டியது என்றவுடன் எவன் ஈட்டினான் என்பது தெளிவாகின்றது. நடுவணரசில் முந்நூறு நாளும் தமிழக அரசில் இருநூற்று நாற்பது நாளும் வரை அதனைப் பணமாக்கலாம்.

ஆனால் தமிழில் ஆக்கிய சொற்கள் எல்லாம் இவ்வாறு அமைந்துவிடவில்லை. 'கிராச்சுவிட்டி'யைப் 'பணிக்கொடை' என்று மொழிபெயர்த்தவர் ஆங்கிலச் சொல்லின் உடலை மட்டுமன்றி அதன் செருக்கையும் சேர்த்துக் கொணர்ந்துவிட்டார். கொடை உயர்ந்த சொல். பாரிக்கும் அதியமானுக்கும் உரிய சொல். அதனாலேயே அதனை இங்கே இழுத்துவந்து நிறுத்துதல் தகாது. கொடைக்குக் கணக்கேது? இத்தொகைக்கோ நுட்பமான கணக்குண்டு. நிறைவு செய்த ஒவ்வோர் அரையாண்டுப் பணிக்கும் திங்களூதியத்தில் காற்பங்கு. உச்ச அளவு பதினாறரைத் திங்கள் ஊதியம். இப்படி அளந்து கொடுப்பதைக் கொடையென்றால் கூலியை என்னவென்பது? 2013-இல் சார்க்கண்டு மாநிலத்து வழக்கொன்றில், பணிக்கொடையும் ஓய்வூதியமும் அரசு இரங்கியளிப்பன அல்ல, சட்டத்தின் துணையின்றிப் பறிக்கவியலாத உடைமைகள் என்று உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. தீர்ப்பு மாறியும் நம் படிவத்தில் 'கொடை' மாறவில்லை. 'பணிப்பேறு' என்று வழங்கலாம் என்பது எம் கருத்து. இதனினும் நல்ல சொல்லை ஆக்கித் தரும் அன்பர்க்கு இவ்விதழில் இடமுண்டு.

'சூப்பரானுவேசன்' என்றொரு சொல். அகவை முதிர்ந்து ஓய்வு பெறுதல் என்பது பொருள். தமிழக அரசில் அவ்வகவை 2020-இல் 58-இலிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. இடைக்கால இலத்தீனில் அச்சொல்லின் மூலம் ஓராண்டு கடந்த கால்நடையைக் குறித்ததாம்! அவ்வாங்கிலத்தைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் எம் உடன்பணியாளர் சிலர் இதை அறிந்தால் 'பணிநிறைவு' என்னும் தமிழுக்குத் திரும்பக்கூடும்.

பிறரைச் சொல்வானேன்? ஆசிரியர் அறையில் "பென்சன் புரப்போசல் போய்விட்டதா?" என்று கேட்பவர் பலர் தமிழாசிரியரே. யாமும் பல்லாண்டு 'பி.எப்.' என்றே சொல்லி வந்தோம். வருங்கால வைப்பு என்பது தன் ஊதியத்தில் தானே சேர்த்த பணம் என்பதை ஓர் இளம் ஆசிரியர்க்கு விளக்க நேர்ந்தபோதுதான், அவ்விரண்டெழுத்தும் எதையும் விளக்காமை எமக்கு உறைத்தது. 2003 ஏப்பிரல் முதல் நாளிலிருந்து பணியிற் சேர்ந்தவர்க்கென்று கொணரப்பட்ட 'பங்களிப்பு ஓய்வூதிய'த்தைப் பற்றியும், அதில் 'அளிப்பு' எது 'பிடிப்பு' எது என்பதைப் பற்றியும் தனியே எழுதல் வேண்டும்.

தமிழகத்தில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956-இல் நிறைவேறியது. அதனால் மாநில அலுவலகங்களில் தமிழைக் கேட்டுப் பெறும் உரிமையேனும் நமக்குண்டு. கேளாதது நம் குற்றம். நடுவணரசின் நிலை வேறு. 1976-ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள், தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்றே தொடங்குகின்றன. இந்தியெதிர்ப்பில் உயிரீந்தோரின் ஈகத்தால் விளைந்த விலக்கு அது. விலக்கு கிடைத்தது, ஆனால் விலக்கிய இடத்தில் தமிழை எவரும் வைக்கவில்லை. 2014-இல் வந்த மின்வழி வாழ்வுச் சான்றுக்குப் பெயர் 'சீவன் பிரமாண்'. ஓய்வூதியப் பணிகளுக்கான மின்தளத்திற்குப் பெயர் 'பவிசியா'. தான் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்கவும் தமிழ்க்கிழவி தனக்கு விளங்காத சொல்லைச் சொல்லியாக வேண்டும்! நடுவணரசு ஓய்வூதியர் தத்தம் சங்கங்களின் வழி ஒரே ஒரு வேண்டுகையை வைத்தல் வேண்டும்: ஓய்வூதிய ஆணையும், பங்கு மாற்றுப் படிவமும், குடும்ப ஓய்வூதியத் தாளும் தமிழிலும் வேண்டும். ஒப்பமிடுபவனுக்கு விளங்கும் மொழியில் தாள் இருத்தல் வேண்டும் என்பது சலுகையன்று.

அன்றைக்குப் பெரியவர் தாளின் பின்புறத்தில் தமிழில் எழுதித் தருமாறு கேட்டார். "இருபதாயிரத்தில் எண்ணாயிரத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்கு விற்றுள்ளேன். 2034-இல் அது எனக்கு மீளும்" என்று எழுதினோம். படித்துவிட்டுச் சற்றுநேரம் வாளாவிருந்தார். "அதுவரை நான் இருக்க வேண்டுமே, ஐயா" என்றார்.

இல்லாமற் போனாலும் அம்மையார்க்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். கடைசியாகப் பெற்ற அடிப்படையூதியத்தில் நூற்றுக்கு முப்பது, அஃதாவது பன்னீராயிரம் உருபாவும் அகவிலைப்படியும். அதில் இந்தப் பிடித்தம் இராது என்று சொன்னோம்.

"அதையும் எழுதிவிடுங்கள் ஐயா. தமிழில் இருந்தால் அவளே படித்துக்கொள்வாள்" என்றார். எழுதிக் கொடுத்தோம்.