நெடுந்தீவுக்குப் போய் என்னத்தைப் பார்த்தீங்கள்?

ஒவ்வொரு லீவுக்கும் நெடுந்தீவு வீடியோ ஒண்டு வருது. ட்ரோன் மேலே எழும்பும். நீலக்கடல், கல்வேலி, நாலு குதிரை, பின்னாலை ஒரு சினிமாப் பாட்டு. தலைப்பு 'எங்கட கரீபியன்'. அந்தத் தீவில் சனம் இருக்கு எண்டு அந்தப் பத்து நிமிசத்தில் ஒருத்தருக்கும் தெரியவராது.

நானும் போனேன். கிளிநொச்சியிலிருந்து விடிய வெளிக்கிட்டு, யாழ்ப்பாணத்தில் பஸ் மாறி, வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான். அங்கையிருந்து ஒரு மணித்தியாலப் படகு. உள்ளதைச் சொல்றன்: வெயில் மண்டையைப் பிளக்கும். கோட்டை எண்டது இடிஞ்ச சுவர்கள். குதிரைகள் வீடியோவில் தெரியிற மாதிரி இல்லை, விலா எலும்பை எண்ணலாம். பெருக்குமரத்தில் வந்துபோனவை தங்கட பெயரைக் கீறி வச்சிருக்கினம். ஆனால் சாந்தில்லாமல் பவளக்கல்லை அடுக்கின அந்த வேலிகளைக் கட்டின கைகளுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேணும்.

எனக்குக் கோபம் வந்தது படகில். திரும்பி வரேக்கை கிளினிக் கொப்பியைப் பிடிச்சபடி ஒரு அம்மா எஞ்சின் பக்கம் நிண்டா. நிழல் இருக்கைகளில் சுற்றுலா வந்தவையின் பைகள் இருந்தன. கொழும்புப் பெடியள், கனடாவிலிருந்து வந்தவை, வன்னிப் பெடியளும்தான். உங்களுக்கு அந்தப் படகு செல்ஃபி எடுக்கிற இடம். ஊர்ச்சனத்துக்கு அதுதான் ரோட்டு. கச்சேரிக்கும் அதுதான், யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கும் அதுதான்.

ஜமேக்கா கின்கெய்ட் என்ற எழுத்தாளர் (பெயர்தான் ஜமேக்கா, ஊர் அன்ரிகுவா) 1988இல் தன்ர தீவைப் பற்றி 'எ ஸ்மோல் பிளேஸ்' என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். சுற்றுலாப் பயணியை நேரே பார்த்து 'நீ' எண்டு ஏசுற புத்தகம். மழையில்லாத நாலு நாள் கிடைச்சதெண்டு பயணி சந்தோசப்படுறான். வருசம் முழுக்க வரட்சியோடை வாழுற சனத்தை அவன் யோசிக்கிறதில்லை. கரீபியனோடை ஒப்பிடத்தான் வேணுமெண்டால் இதிலை ஒப்பிடுங்கோ. நெடுந்தீவிலும் கோடையில் நல்ல தண்ணிக்குச் சனம் அலையுது, குதிரையும் அலையுது.

பெயரையும் பாருங்கோ. டச்சுக்காரர் காரைநகரை அம்ஸ்டர்டாம் எண்டும் நயினாதீவை ஹார்லெம் எண்டும் எழுதினாங்கள். அதெல்லாம் செத்துப்போச்சு. 'டெல்ஃப்ட்' மட்டும் உங்கட ஹாஷ்டாக்கில் உயிரோடை கிடக்கு.

சுற்றுலா வந்தால் சனத்துக்கு வருமானம்தானே எண்டு கேப்பீங்கள். காலமை வந்து பின்னேரப் படகில் ஓடுறவை, சோத்துப் பார்சலையும் தண்ணிப் போத்தலையும் யாழ்ப்பாணத்திலேயே வாங்கிக்கொண்டு வருகினம். வாகன வாடகை ஒண்டு ரெண்டு பேருக்குக் கிடைக்கும். வெறும் போத்தல் முழுத் தீவுக்கும் கிடைக்கும்.

இதையெல்லாம் எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2009க்குப் பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தாங்கள். கிளிநொச்சியில் சரிஞ்சு கிடந்த தண்ணீர்த் தாங்கிக்கு முன்னாலை குடும்பமாய் நிண்டு படம் எடுத்தாங்கள். பக்கத்தில் நினைவுப்பொருள் கடை வேறை. புதுக்குடியிருப்பில் நிலக்கீழ் வீட்டைப் பார்க்கச் சனம் குவிஞ்சுது, 2013 ஒக்டோபரில் இராணுவம் அதைத் தகர்க்கும்வரை. ரோட்டுக்கரையில் தகரக் கொட்டிலுக்குள் இருந்த எங்களை பஸ் கண்ணாடிக்குள்ளாலை பார்த்துக்கொண்டு போனாங்கள். அப்ப நாங்கள் சின்னப் பிள்ளையள். அந்தப் பார்வை எப்பிடிச் சுட்டதெண்டு தெரிஞ்ச நாங்களே, இப்ப காசும் கமராவும் வந்த உடனை அதே பார்வையைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டுறம். இதுதான் எனக்குச் செரிக்கேல்லை.

1985 மே 15. நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். வெட்டியவர்கள் கடற்படையினர் என்பது உயிர்தப்பியவர்களின் வாக்குமூலம். நீங்கள் 'வைப்' எண்டு பாட்டுப் போட்டு ஆடுற கடல் அதுதான். நான் பார்த்த ஒரு வீடியோவிலும் இது இல்லை. முள்ளிவாய்க்காலை இப்பிடி விட்டுட்டு ஒருத்தன் நந்திக்கடலைப் படம் பிடிச்சால் நாங்கள் சும்மா இருப்பமா?

போகாதேங்கோ எண்டு நான் சொல்லேல்லை. அடுத்த பட்ஜ் ட்ரிப் நெடுந்தீவுக்குத்தான் எண்டு கேள்வி. போங்கோ. ஒரு இரவு தங்குங்கோ, ஊர்க்கடையில் சாப்பிடுங்கோ, இருக்கையிலை இருந்து பையை எடுத்து மடியில் வையுங்கோ. மாவிலித்துறையில் இறங்கின உடனை குமுதினி நினைவிடத்தில் பத்து நிமிசம் நில்லுங்கோ. குதிரை எங்கையும் ஓடிப்போகாது.