கைராசியும் கணக்கும்

தண்டையார்பேட்டைப் பக்கம் யாருக்காவது உடம்புக்கு வந்துவிட்டால் முதலில் எழுகின்ற கேள்வி, "எந்த டாக்டருக்குக் கைராசி?" என்பதேயாகும். காசிமேட்டில் மீன் வாங்குகிற அம்மாள் செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகே முடிச்சை அவிழ்க்கின்றார். வாடகைக்கு வீடு பார்க்கிறவர் கூரை ஒழுகுமா என்று அண்ணாந்து பார்க்கின்றார். பெற்ற பிள்ளையின் உயிரை ஒப்படைக்கிற இடத்தில் மாத்திரம் நாம் ராசியைக் கேட்கின்றோம். இது எந்த ஊர் நியாயம்?

கைராசி என்பதுதான் என்ன? பத்துப் பேர் பிழைத்தால் அது டாக்டரின் கை. ஒருவர் செத்தால் அது செத்தவருடைய விதி. இப்படி இரண்டு பக்கமும் தப்பித்துக்கொள்ளுகிற கணக்கில் யார்தான் தோற்பார்? பிழைத்தவர் தானே தேறக்கூடியவரா, செத்தவர் காப்பாற்றப்பட்டிருக்கக் கூடியவரா என்று பார்ப்பதற்கு அதில் இடமே இல்லை. வைத்தியத்தைப் பற்றிக் கேள்வி கேட்காமலிருப்பதற்கு நாம் வைத்துக்கொண்ட பெயர்தான் கைராசி என்று தைரியமாய்ச் சொல்லுவோம்.

நம் பகுதிக்குத் தெரிந்த வியாதியையே எடுத்துக்கொள்ளலாம். மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை தண்டையார்பேட்டையில்தான் இருக்கின்றது. ஆகவே வாந்திபேதி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 1992-ஆம் வருஷம் அக்டோபரில், ஓ139 என்று விஞ்ஞானிகள் பெயரிட்ட புதுவகைக் காலராக் கிருமி இதே சென்னையில் தலைகாட்டிற்று. பழைய காலராவினால் ஜனங்களின் உடம்பில் ஏற்பட்டிருந்த காப்பு இதனிடம் செல்லவில்லை. ஆனதால் வளர்ந்தவர்களும் படுக்கையில் விழுந்தார்கள். கிருமி புதிது என்றாலும் அது கொல்லுகிற வழி பழையதே. உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியே போய்விடுவதால்தான் மனிதன் சாகின்றான். ஆதலால் நோயாளியைப் பார்க்கிறவர் முதலில் அறியவேண்டியது, நீர் எவ்வளவு வற்றியிருக்கின்றது என்பதேயாகும்.

இதை அறிய ராசி வேண்டாம். கண்ணும் இரண்டு விரலும் போதும். குழந்தை எரிச்சலாய்ப் புரளுகின்றதா? கண் குழி விழுந்திருக்கின்றதா? தண்ணீரைக் கண்டதும் ஆவலோடு தாவுகின்றதா? வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புகின்றதா? இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் நீர் வற்றியிருக்கின்றது என்று அர்த்தம். குழந்தை துவண்டு கிடந்து, குடிக்கவும் மாட்டாமல், கிள்ளிய தோல் திரும்ப 2 வினாடிக்கு மேலாகுமானால் உடனே ரத்தக்குழாய் வழியாக நீர் ஏற்றியாக வேண்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கப்பட்ட குழந்தையையும் 4 மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, முன் எழுதியதோடு ஒத்துப் பார்க்கவேண்டும்.

இந்தச் சோதனையில் ஜாதிக்கும், வேஷ்டியின் வெளுப்புக்கும், வாசலில் நிற்கும் காருக்கும் இடமில்லை. நம் பகுதி வைத்திய விடுதி ஒன்றில் நாம் கண்ணால் கண்டதைச் சொல்லுகின்றோம். சத்தம் போட்டவர்களெல்லாம் முன்னே அழைக்கப்பட்டார்கள். கூலிக்காரத் தாய் ஒருத்தியின் மடியில் குழந்தை சும்மா கிடந்தது. "தூங்குகிறது, அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். அழுகிற குழந்தைக்கு அழுவதற்காவது பலமிருக்கின்றது. அழாத குழந்தையே அதிக அபாயத்திலிருக்கலாம் என்பது அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. தரை கூட்டுகிற அம்மாள் அதன் முகத்தைப் பார்த்துக் கூச்சலிட்ட பிறகே உள்ளே எடுத்துப் போனார்கள். குழந்தை பிழைத்தது. அந்த அம்மாளுக்குக் கைராசி என்று யாரும் சொல்லவில்லை. அவர் பார்த்தார், அவ்வளவுதான்.

நிற்க, பார்த்ததை எண்ணி எழுதுவதினால் என்ன லாபம் என்பதற்கும் உதாரணமுண்டு. 1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடிவந்த அகதிகளுக்கு வங்காளத்துப் போன்காவ் முகாமில் காலரா கண்டது. ஏற்றுவதற்கு நீர்ப் புட்டிகள் போதவில்லை. டாக்டர் திலீப் மகாலனாபிஸ், உப்பும் சமையல் சோடாவும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் வீட்டாரையே மொண்டு கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கிற்று. பேதியாகிறதே என்று குழந்தைக்குத் தண்ணீரை நிறுத்துகிற பழக்கம் எத்தனை பெரிய கொலை என்பதை அந்தக் கணக்கு காட்டிவிட்டது. எண்ணாமல் விட்டிருந்தால் அதற்கும் "டாக்டர் கைராசிக்காரர்" என்று பெயர் சொல்லி மறந்திருப்போம்.

ஆனால் கணக்கிலும் ஏமாற்று உண்டு என்பதை மறக்கக்கூடாது. நோய் முற்றியவர்களைக் கடைசி நேரத்தில் "ஸ்டான்லிக்குக் கொண்டு போங்கள்" என்று அனுப்பிவிடுகிற விடுதி, தன்னிடம் சாவே இல்லை என்று பெருமை பேசிக்கொள்ளலாம். எல்லோரையும் ஏற்றுக்கொள்ளுகிற சர்க்கார் ஆஸ்பத்திரியில் சாவு அதிகமாய்த் தெரியும். வரும்போது நோயாளி எந்த நிலையில் இருந்தார் என்று எழுதாத இடத்தில், போகும்போது பிழைத்தாரா செத்தாரா என்பதை மாத்திரம் வைத்துத் தீர்ப்புச் சொல்லுவது யோக்கியமாகாது.

பொது மருத்துவமனைகளின் தரத்தை அளக்க மத்திய சர்க்கார் 2013-ல் ஓர் அளவுகோல் வகுத்தது. அதில் அளப்பதற்கு நான்கு வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன: நேரில் பார்ப்பது, ஊழியரைக் கேட்பது, ஏடுகளைப் புரட்டுவது, நோயாளியைக் கேட்பது. முதல் மூன்றையும் சோதனைக்கு முந்தின நாள் வெள்ளையடித்துச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இருப்பார்கள். நான்காவது நம் கையில் இருக்கின்றது. நாம் "நல்ல டாக்டர், நல்ல முகம்" என்று சொல்லி முடித்துவிட்டால் அதுவும் வீணாகிவிடும்.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது ராசியை வெளியே விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள்: வந்து எவ்வளவு நேரத்தில் பார்த்தீர்கள்? தொடுவதற்கு முன் கை கழுவினீர்களா? எதைப் பார்த்து என்ன முடிவுக்கு வந்தீர்கள், அதை எழுதினீர்களா? மறுபடி எப்போது பார்ப்பீர்கள்? நேர்மையாய்ப் பாடுபடுகிற டாக்டரும் நர்ஸும் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார்கள். கோபிக்கிறவர்களிடம் அவசியம் இன்னொரு முறையும் கேட்கவேண்டும் என்று சொல்லிக்கொள்ளுகின்றோம்.