இரைச்சலைத் தூக்கிப் போடாதீங்க

இந்த வார எபிசோடில் ஜிபிஎஸ் ஜாமிங் பற்றிப் பேசினோம். அதில் சொல்ல நேரம் கிடைக்காத என் கருத்து இங்கே.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அந்த சிக்னல் தரைக்கு வரும்போது ரிசீவரின் சொந்த இரைச்சலை விடப் பலவீனமாகிவிடும். அதனால சின்ன ஜாமர்கூட அதை அமுக்கிடும். 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை 465 தடவை விமானங்களுக்கு ஜிபிஎஸ் குறுக்கீடு நடந்ததாக இந்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம்.

இதை விண்வெளியிலிருந்து பார்க்க முடியுமா? முடியும். 2016 டிசம்பரில் நாசா ஏவிய சிக்னஸ் என்ற எட்டு குட்டி செயற்கைக்கோள்கள், கடலில் பட்டுத் திரும்பும் ஜிபிஎஸ் சிக்னலை வைத்துப் புயல்காற்றை அளப்பவை. ஒரே இடத்துக்கு மேலே போகும்போதெல்லாம் அதில் இரைச்சல் ஏறினா, கீழே யாரோ ஜாம் பண்றாங்களோன்னு சந்தேகிக்கலாம். காற்றை அளப்பவர்களுக்கு அது தொல்லை. வேறு ஆய்வாளர்கள் அதையே எடுத்து ஜாமிங் வரைபடம் போட்டார்கள். தரவு எல்லாருக்கும் திறந்திருந்ததாலதான் அது நடந்தது.

ஆனா சிக்னஸ் பாதையின் சாய்வு 35 டிகிரிதான். வெலிங்டனும் கிறைஸ்ட்சர்ச்சும் அதன் பார்வைக்கு வெளியே. நம்மகிட்ட இருப்பது ரொங்கோவாய்: அதே வேலையைச் செய்யும் அடுத்த தலைமுறை ரிசீவரை 2022-ல் ஏர் நியூசிலாந்தின் கியூ300 விமானம் ஒன்றில் பொருத்தினார்கள். நாசாவோடு சேர்ந்து, அறிவியல் பக்கத்தை நடத்துவது ஆக்லாந்து பல்கலைக்கழகம். மண் ஈரத்தையும் ஈரநிலங்களையும் கவனிப்பதுதான் அதன் நோக்கம்.

நிலநடுக்கம் வந்தா ஜியோநெட்டில் யார் வேணும்னாலும் பார்க்கலாம், இல்லையா? ஜிபிஎஸ் குறுக்கீட்டுக்கும் அப்படி ஒரு பொது வரைபடம் இந்த நாட்டுக்கு வேணும். இப்போ ஹாக்ஐ 360 மாதிரி நிறுவனங்கள் இந்தத் தகவலை விற்கின்றன. ராணுவம் வாங்கும். தானியங்கி டிராக்டர் ஓட்டும் விவசாயியும், சின்ன ஃப்ளையிங் கிளப்பும் எங்கே போவாங்க? வெளியே சொன்னா ஜாமர் வெச்சிருக்கிறவன் உஷாராயிடுவான் என்பீங்க. நியாயம்தான். சில நாள் தள்ளி, இடத்தைத் தோராயமாகக் காட்டினா போதுமே.

ரொங்கோவாய் தரவும் திறந்ததுதான். யூனியில் ப்ராஜெக்ட் தேடுறவங்க, அந்த இரைச்சல் எண்களை எடுத்து ஒரு வரைபடம் போட்டுப் பாருங்க. ஏதாவது கிடைச்சா எங்களுக்கு எழுதுங்க. ஒண்ணுமே கிடைக்கலைன்னாலும் எழுதுங்க, அதுவும் நமக்குத் தெரியவேண்டிய செய்திதான்.