ஊருணிப் பாசியும் ஒளி வைத்தியமும்

சிவகங்கைச் சீமையில் ஊருணி இல்லாத ஊரைக் காண்பது அரிது. கோடையில் நீர் வற்றிப் பச்சை படர்ந்தால், "பாசி பிடித்துவிட்டது" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிறோம். அந்தப் பாசிக் குலத்திலிருந்து நரம்பு வியாதிக்கு ஒரு வைத்தியம் பிறக்குமென்று யார் கண்டார்!

குட்டையிலும் ஈர மண்ணிலும் வாழும் கிளாமிடோமோனாஸ் என்னும் ஓரணுப் பாசி, வெளிச்சத்தை உணர்ந்து அதை நோக்கி நீந்த வல்லது. ஒளி பட்டதும் கதவுபோல் திறந்து மின்னூட்டமுள்ள துகள்களை உள்ளே விடும் புரதம் ஒன்று அதனிடம் இருக்கிறது. அப்புரதத்துக்குரிய மரபணுவை நரம்பணுக்களில் புகுத்தி, நீல ஒளியால் அவற்றை இயக்கலாமென்று டைஸராத், பாய்டன் முதலிய விஞ்ஞானிகள் 2005-ஆம் ஆண்டில் காட்டினார்கள்.

விழித்திரையும் மூளையைச் சார்ந்த நரம்புப் படலமே. பரம்பரை நோயினால் பார்வையிழந்திருந்த ஒருவருக்குப் பாரிஸ் நகரில், தீங்கற்ற வைரஸை வாகனமாக்கி, இத்தகைய பாசி மரபணுவை விழிக்குள் செலுத்தினார்கள். பல மாதப் பயிற்சிக்குப் பின் அவர் விசேஷக் கண்ணாடி அணிந்து, மேஜைமேலிருந்த பொருள்களைக் கண்டு எண்ணினார் என்ற செய்தி 2021-இல் வெளியாயிற்று. முகங்களை அடையாளம் காணும் அளவுக்குப் பார்வை திரும்பவில்லை. எனினும் முழு இருளில் அது சிறு வெளிச்சமன்றோ? வலிப்பு, நடுக்குவாதம் போன்ற மூளை நோய்களுக்கோ இம்முறை இன்னும் பெரும்பாலும் பிராணிகளிடமே சோதிக்கப்படுகிறது.

இப்பாசிகளின் உறவினங்களைத் தென்னாட்டு நீர்நிலைகளில் தேடி ஆராய்ந்து 1933-இலேயே எழுதியவர் சென்னைச் சர்வகலாசாலையின் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார். மரபணுவை உடலில் சேர்க்கும் வித்தையும் நமக்குப் புதிதன்று; வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி மருத்துவர்கள் ஹீமோபிலியா என்னும் இரத்தப்போக்கு நோயாளிகள் ஐவருக்கு அம்முறையில் சிகிச்சை செய்து, 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். அறிவுக்குக் குறைவில்லை, அதைத் தொடர்ந்து போஷிக்கும் பொருளும் பொறுமையுமே வேண்டும்.

அதுவரை நம் இல்லங்களில் செய்யத் தக்கது ஒன்றுண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள்ளேயே கொண்டு கொடுக்கும் வழக்கம் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. பரம்பரை விழித்திரை நோய் மிகுவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தி மயங்கியதும் தடுக்கி விழும் குழந்தையை, "கண்ணை எங்கே வைத்துக்கொண்டு நடக்கிறாய்?" என்று தாய்மார்கள் கடிந்துகொள்ள வேண்டாம். உடனே கண் வைத்தியரிடம் காட்டுங்கள். சத்துக் குறைவானால் எளிதில் தீரும். பரம்பரை நோயானால், வீட்டார் அதை அறிந்து அடுத்த கலியாணத்தைப் பேசலாம்.